நாற்பது நொடி

இசைத்தட்டின் உறையில் நான் இருக்கிறேன்,
பின்வரிசையில், இடமிருந்து ஆறாவது.
டர்பன் ஈரம் சரியாக அந்த மூலையில்
பூஞ்சை கட்டிவிட்டதால் முகமில்லை.
கை மட்டும். கையில் கத்தரிக்கோல்.

படத்தில் நான் இல்லை.
எடுத்தபோது எனக்கு அறுபத்திரண்டு.
மேற்பார்வையாளனின் அம்மாவாக நடிக்கக் கூப்பிட்டார்கள்.
எங்கள் நாடகத்தில் அவனுக்கு அம்மாவே கிடையாது.

நேற்று தேவராணி சாட்ஸ்வர்த்துக்கு வந்தாள்,
ரொட்டியைக் குடைந்து ஊற்றிய பீன்ஸ் கறி இரண்டு பொட்டலத்தோடு.
இரண்டையும் ஒரே நேரத்தில் ஓட்டிப் பார்ப்போமா என்றாள்.
தொலைக்காட்சியின் வாயை அடைத்தோம்.
ஊசியை மூன்றாம் பாட்டில் இறக்கினோம்.

மோகாம்பாள் பாடினாள்,
நடிகை வாயசைத்தாள்.
முதல் அடி முழுக்க ஒருத்திதான்.
இரண்டாம் அடியில், 'கதவு' என்ற சொல்லில், பிரிந்தார்கள்.
மோகாம்பாளுக்கு அன்று சளி.
ஒலிப்பதிவுக் கூடத்துக்கு ஒரு நாள் வாடகைதான் சேர்ந்திருந்தது,
அதனால் சளியும் தட்டில் இருக்கிறது.
மூக்கை உறிஞ்ச அவள் நின்ற இடைவெளியில்
நடிகை கடற்கரைக்குப் போய்விட்டாள்.
செருப்பு கையில், கூந்தல் காற்றில்.

உம்கேனி சாலை ஆலை வாசலில் பாட வேண்டிய பாட்டு, என்றேன்.
எழுபத்தொன்பதில் அந்த மணலில்
நம்மைக் கால் வைக்க விட்டார்களா?
பலகை நட்டிருந்தார்களே, மறந்துவிட்டாயா?
தேவராணி கறியில் ரொட்டியைத் தோய்த்துக்கொண்டே சொன்னாள்:
நாம் போகாத இடத்துக்கு
அவளாவது போய்விட்டு வரட்டுமே.

அதற்கு என்னிடம் பதில் இல்லை.
ஊறுகாய் எடுத்துவர எழுந்து போனேன்.

நாடகத்தில் நான்காம் பாட்டு முடிந்ததும்
ஒரு நாற்பது நொடி உண்டு.
ஆர்மோனியம் இல்லை, டிரம்ஸ் இல்லை.
கூலிக் குறைப்பு அறிவிப்பை அவன் படித்து முடித்திருப்பான்.
பதினெட்டு பேரும் கத்தரிக்கோலைத் திறந்து
மூடாமல் நிற்போம்.
ஒருநாள் பள்ளி மண்டபத்தில் ஒரு குழந்தை கேட்டது,
'அம்மா, மறந்துட்டாங்களா?'
சிரிப்பு கிளம்பிப் பாதி வழியில் செத்துப்போனது.

இசைத்தட்டில் அது இல்லை.
ஒரு பக்கத்துக்கு இருபத்திரண்டு நிமிடம்,
சும்மா இருப்பதற்கெல்லாம் இடமில்லை என்றார் பதிவுக்காரர்.
இரண்டு பாட்டுக்கு நடுவே வழவழவென்று ஒரு வளையம்,
மூன்று நொடி, ஒரு பொரியல் சத்தம்.

படத்தில் இருக்கிறது, முழுசாக நாற்பது.
அதற்கு மட்டும் தொலைக்காட்சியின் வாயைத் திறந்தோம்.
உள்ளே வயலின் ஊற்றி நிரப்பியிருந்தார்கள்.
இரும்பின் மினுக்கு. நெற்றியில் ஒரே ஒரு வியர்வைத் துளி,
இறங்க வேண்டிய நேரத்தில் இறங்கியது.

திட்டுவதற்கு வாயெடுத்தேன்.
தேவராணி அழுதுகொண்டிருந்தாள்.
வயலினுக்கு இல்லை, பின்னால் பார், என்றாள்.

பின்வரிசையில் யாரோ ஒரு சின்னப் பெண்.
கட்டைவிரலை வளையத்துக்குள் விடாமல்
வெளியே மடக்கிப் பிடித்திருந்தாள்.
எனக்கு அந்த விரலில் அப்போது புண்.
அவளுக்கு என்ன வந்தது?
உறையைப் பார்த்திருப்பாள்,
பூஞ்சை பிடிக்காத ஏதோ ஒரு பிரதியை.

திரும்பப் போடு என்றேன்.
முதலில் இருந்து, இரண்டையும்.
நான்காம் பாட்டு நடுவில் மின்சாரம் போனது.
எட்டு மணிக்கு என்று அட்டவணையில் இருந்தது,
ஐந்து நிமிடம் முந்திவிட்டது,
எங்கள் டிரம்மர் சாகரன் மாதிரி.

படம் உடனே செத்தது. தட்டு சாகவில்லை.
ஒலிபெருக்கி அடங்கிய பிறகும்
ஊசி மட்டும் கொசுக்குரலில் மோகாம்பாளைப் பாடியது,
இழுத்து, தடித்து,
ஆண்குரலாகி, உறுமலாகி,
நின்றது.

இருட்டில் நாங்கள் அசையவில்லை.
தேவராணி எண்ணுகிறாளா என்று தெரியவில்லை.
நான் முப்பத்தொன்று வரை போனேன்.
பக்கத்து வீட்டு ஜெனரேட்டர் தொடங்கிவிட்டது.